யாருக்கு அந்த எல்லை? துருக்கி – இராக் மலைகளில் ஒரு நூற்றாண்டு



மேற்காசியாவைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். பாலஸ்தீனத்தைத்தான் எடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது துருக்கிக்கும் இராக்குக்கும் நடுவே, சுமார் 350 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் ஒரு மலை எல்லை. நம் செய்தித்தாள்களில் உலகச் செய்திப் பக்கத்தின் கீழ் மூலையில் அடிக்கடி ஒரு சின்னப் பத்தி வரும். வடக்கு இராக்கில் குர்து ஆயுதக்குழுவின் முகாம்கள்மீது துருக்கி விமானங்கள் குண்டுவீச்சு, இத்தனை பேர் பலி. ஐந்தாறு வரிதான். நாற்பது ஆண்டுகளாக எண்களும் இடப்பெயர்களும் மாறின, பத்தி மாறவில்லை. அந்தப் பத்திக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இன்றைக்கு என் வேலை.

முதலில் நிலம். மேற்கு மூலையில் டைக்ரிஸ் நதி. அங்கே துருக்கி, சிரியா, இராக் மூன்றும் சேருகின்றன. அந்தப் பக்கம் சமவெளி. ஹபூர் பாலம், சுங்கச் சாவடி, மைல் கணக்கில் லாரி வரிசை. கிழக்கே போகப் போக மலை எழுகிறது. ஹக்காரி மாகாணத்தில் 4,000 மீட்டரைத் தாண்டும் சிகரம் உண்டு. ஸாப் ஆறு வடக்கே துருக்கியில் பிறந்து தெற்கே இராக்குக்குள் இறங்குகிறது. பள்ளத்தாக்கும் அப்படியே. ஆடு ஓட்டிப்போகும் தடமும், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவும் வடக்கு – தெற்காகத்தான். கோடு மட்டும் கிழக்கு – மேற்காகக் குறுக்கே போகிறது. சிரிய எல்லையில் வாழும் குர்துகள் இன்றும் ‘கோட்டுக்கு மேலே’, ‘கோட்டுக்குக் கீழே’ என்றுதான் ஊர்களைச் சொல்கிறார்கள். மேலே இருப்பது துருக்கி, கீழே இருப்பது சிரியா.

மோதலின் காலண்டரை இங்கே பனி எழுதுகிறது. குளிர்காலத்தில் கணவாய்கள் மூடிவிடும். கெரில்லாக்கள் தெற்கே குகைகளில் தங்குவார்கள். வசந்தத்தில் பனி இளகியதும் வடக்கே ஏறுவார்கள். அவர்களைக் கணவாயிலேயே மறிக்க வேண்டும் என்று ராணுவமும் மார்ச், ஏப்ரலில் கிளம்பும். துருக்கியின் பெரிய படையெடுப்புகள் பல வசந்தத்தில் தொடங்கியதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கோடு எப்படி வந்தது? முதல் உலகப் போர் முடிந்து 1918 அக்டோபர் 30இல் முத்ரோஸில் போர் நிறுத்தம் கையெழுத்தானது. மோசூல் நகரம் அப்போது ஒட்டோமான் கையில்தான் இருந்தது. பிரிட்டிஷ் படை போர் நிறுத்தத்துக்குப் பின் சில நாளில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம்; மெசபடோமியப் போர்முனையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் வேலை செய்திருக்கிறது. 1932 வரை இராக்கில் புழங்கியது இந்திய ரூபாய் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கும் அந்த மண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன். மேலே போவோம்.

1920இல் செவ்ர் ஒப்பந்தம் இந்த மலைகளில் வாழும் குர்துகளுக்குச் சுயாட்சியும் பிறகு விரும்பினால் தனிநாடும் உண்டு என்று காகிதத்தில் எழுதியது. 1923இல் லொசான் ஒப்பந்தம் அந்தக் காகிதத்தைக் குப்பையில் போட்டது. மோசூல் யாருக்கு என்பது மட்டும் தீராமல் நின்றது. சர்வதேச சங்கம் ஆணையம் அனுப்பி, 1925 டிசம்பரில் அதை இராக்குக்கே கொடுத்தது, அதாவது அப்போது இராக்கை ஆண்ட பிரிட்டனுக்கு. 1926 ஜூன் 5இல் அங்காராவில் பிரிட்டன், துருக்கி, இராக் மூன்றும் கையெழுத்திட்டன. பெட்ரோல் உரிமைத்தொகையில் 25 ஆண்டுக்குப் பத்து சதவீதம் துருக்கிக்கு என்ற அம்சத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் கண் நின்றது வேறொரு பகுதியில். எல்லையின் இருபுறமும் 75 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு மண்டலம் வகுத்து, அதற்குள் ஆயுதமேந்திய கும்பல்கள் ஒரு பக்கம் திரண்டு மறுபக்கம் தாக்காதபடி இரு அரசுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. கோடு போட்ட மை காயும் முன்பே இந்த மலைகள் ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாக, இரு அரசுகளும் சேர்ந்து கண்காணிக்க வேண்டிய பிராந்தியமாக எழுதப்பட்டுவிட்டன. எல்லையின் இருபக்கமும் வாழ்பவர்கள் பேரத்தில் எங்கேயும் இல்லை.

எல்லையைக் கெரில்லாக்கள் மதிப்பதில்லை, அரசுகள் காக்கின்றன என்பதுதான் பொதுவாக நாம் படிக்கும் கதை. ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு கதை தெரிகிறது. இந்த எல்லையைத் தங்களுக்குள் திறந்துகொள்ளவும், நகர்த்தவும், தாண்டவும் அரசுகள் நூறாண்டாக ஏற்பாடு செய்துகொண்டே வந்திருக்கின்றன. 1927 முதல் 1930 வரை அரராத் மலையில் குர்துகள் கிளர்ச்சி செய்தார்கள். அடிவாங்கியதும் மலையின் கிழக்குச் சரிவுக்குப் போய்விடுவார்கள், அது ஈரான். துருக்கி என்ன செய்தது தெரியுமா? 1932இல் ஈரானோடு பேசி அந்தச் சரிவையே வாங்கிக்கொண்டு, வேறொரு இடத்தில் நிலம் கொடுத்தது. எல்லை புனிதமானது என்று பாடம் நடத்தும் அரசுகள், ஒரு கிளர்ச்சியை அடக்க எல்லையையே இடம் மாற்றின. 1937இல் சாதாபாத் ஒப்பந்தம்: துருக்கி, ஈரான், இராக், ஆப்கானிஸ்தான். ஒருவர் நாட்டில் இன்னொருவருக்கு எதிரான ஆயுதக்குழுக்களை வளரவிட மாட்டோம் என்று அதிலும் ஒரு பிரிவு.

கையெழுத்துதான் அப்படி. நடைமுறை நேர்மாறு. அண்டை நாட்டுக் குர்துகளுக்கு ஆயுதம் கொடுப்பதும், சொந்த நாட்டுக் குர்துகளை அடிப்பதும் இந்தப் பிராந்தியத்தின் நிரந்தரக் கொள்கை. ஈரானின் ஷா, இராக் குர்துகளின் தலைவர் முல்லா முஸ்தபா பர்ஸானிக்கு உதவி இராக்கைக் குடைந்தார். 1975 மார்ச் 6இல் அல்ஜியர்ஸில் சதாம் உசேனோடு ஷத் அல்-அரப் நீர்வழித் தகராறைத் தீர்த்துக்கொண்டதும் உதவியை அப்படியே நிறுத்தினார். ஆண்டுக்கணக்கில் நின்ற பர்ஸானியின் போர் சில வாரத்தில் சரிந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈரானுக்குள் அகதிகளாக ஓடினார்கள். பதிலுக்கு இராக் ஈரானியக் குர்துக் கட்சிகளுக்கு இடம் கொடுத்தது. சிரியாவின் ஹாபிஸ் அல்-அசாத் துருக்கியின் குர்துகளுக்கு முகாம் கொடுத்தார். 1962இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உள்நாட்டுக் குர்துகளின் குடியுரிமையைப் பறித்த நாடு அது.

இந்த நிலத்தில்தான் பி.கே.கே. வருகிறது. குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி, 1978 நவம்பரில் தியார்பக்கிர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்துல்லா ஒஜலான் தலைமையில் தொடங்கியது. 1980 செப்டம்பர் 12இல் துருக்கியில் ராணுவப் புரட்சி. தியார்பக்கிர் ராணுவச் சிறையில் நடந்த சித்திரவதை ஒரு தலைமுறையையே மலைக்கு அனுப்பியது. ‘மலைக்குப் போய்விட்டான்’ என்றால் அந்த ஊர்களில் யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. 1983இல் குர்து மொழியில் அச்சிடுவதையும் ஒலிபரப்புவதையும் தடைசெய்ய ஒரு சட்டமே போட்டார்கள். குர்து மொழியின் பெயரைக்கூடச் சொல்லாமல் அதைத் தடைசெய்த விசித்திரச் சட்டம். 1984 ஆகஸ்ட் 15 இரவு எருஹ், ஷெம்தின்லி என்ற இரண்டு சிற்றூர்களில் ராணுவ, ஜெண்டர்மே நிலையங்களைத் தாக்கினார்கள். எருஹில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிக்கை வாசித்துவிட்டுப் போனார்கள். அங்காராவில் இருந்தவர்கள் இதை ஒரு சில கொள்ளைக்காரர்களின் சேட்டை என்றார்கள்.

ஆனால் எல்லை தாண்டுவது எருஹுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1983 பிப்ரவரியில் துருக்கியும் இராக்கும் எல்லைப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தன. துரத்திக்கொண்டு அடுத்த நாட்டுக்குள் போகும் உரிமை இருவருக்கும் வந்தது. சதாம் அப்போது ஈரானோடு போரில் மாட்டிக்கொண்டிருந்தார். வடக்கு மலைகளைக் காவல்காக்கத் தன்னிடம் ஆளில்லாததால், அந்த வேலையைத் துருக்கி செய்தால் அவருக்கு லாபம். அதே ஆண்டு மே மாதம் துருக்கிப் படை முதல்முறையாக உள்ளே போனது. 1988இல் சதாம் அன்பால் நடவடிக்கையில் குர்துக் கிராமங்களை அழித்தபோது பல்லாயிரம் பேர் துருக்கிக்குள் ஓடிவந்தார்கள். இப்போது இராக் சொன்னது: ஒப்பந்தப்படி நாங்கள் துரத்திக்கொண்டு உங்கள் எல்லைக்குள் வருகிறோம். துருக்கி மறுத்தது. ஒப்பந்தம் காலாவதியானது. மற்றவன் வீட்டுக்குள் நுழையும் உரிமை எனக்கு இருக்கலாம், என் வீட்டுக்குள் அவனுக்கு எதற்கு என்பதுதான் அதன் பொருள். அகதிகளுக்கு அன்று கதவு திறந்திருந்தது நல்லதே. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.கே.கே.யைக் காவிய நாயகர்களின் கூட்டமாகப் பார்க்கும் ஒரு பழக்கம் நம்மூர் முற்போக்கு மேடைகளில் உண்டு. துருக்கி அரசு 1985இல் கிராமச் சட்டத்தைத் திருத்தி, சம்பளமும் துப்பாக்கியும் கொடுத்து ஊர்க்காவலர்களை நியமித்தது. குர்துகளைக் கொண்டே குர்துகளைத் தடுக்கும் ஏற்பாடு. பி.கே.கே. அந்த ஊர்க்காவலர்களின் வீடுகளில் பெண்டு பிள்ளை பார்க்காமல் புகுந்தது. 1987 ஜூன் 20, மார்தின் மாகாணத்தில் பினார்ஜிக் கிராமம். ஒரே இரவில் கொல்லப்பட்டவர்கள் 30 பேர். அவர்களில் 16 பேர் குழந்தைகள். அந்தக் குழந்தைகளும் குர்துக் குழந்தைகள்தான். அந்தக் கொலைகளுக்குப் பிறகு இராக்கின் பர்ஸானி குடும்பத்துக் கட்சி பி.கே.கே.யோடு இருந்த உடன்பாட்டை முறித்துக்கொண்டதில் வியப்பில்லை.

தொண்ணூறுகளில் எல்லாம் பெரிதாயிற்று. 1991 வளைகுடாப் போருக்குப் பின் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் விமானங்கள் 36ஆம் அட்சரேகைக்கு வடக்கே இராக் விமானம் பறக்காமல் காத்தன. அவை கிளம்பிய தளம் துருக்கியின் இன்ஜிர்லிக். இராக்கின் குர்துகளைச் சதாமிடமிருந்து காக்க ஒரு விமானம். துருக்கியின் குர்துகளை அதே வானத்திலிருந்து குண்டுவீசித் தாக்க இன்னொரு விமானம். இரண்டுக்கும் ஓடுதளம் ஒரே நாட்டில். பாக்தாத் கை விட்டுப்போன வடக்கில் யாருடைய ஆட்சியும் முழுதாக இல்லை. அந்த வெற்றிடத்தில் பி.கே.கே. வேரூன்றியது. 1992இல் துருக்கிப் படையோடு சேர்ந்து இராக் குர்துகளின் படையான பெஷ்மெர்காக்களும் பி.கே.கே.யைத் தாக்கினார்கள். 1995 மார்ச்சில் 35,000 துருக்கி வீரர்கள் எல்லை கடந்தார்கள். 1997 மே மாதம் மறுபடி. அதன்பின் பாமெர்னியில் ஒரு துருக்கி டாங்கிப் பிரிவு தங்கிவிட்டது. போன படை முழுதாகத் திரும்பவே இல்லை.

எல்லையின் வடபக்கத்தில் கிராமங்களைக் காலிசெய்யும் வேலை நடந்தது. கெரில்லாவுக்கு ரொட்டி கொடுக்கும் ஊர் இல்லாவிட்டால் கெரில்லா இல்லை என்ற கணக்கு. துருக்கி நாடாளுமன்றக் குழுவே 1998இல் கொடுத்த எண்: 3,428 குடியிருப்புகள், 3,78,335 பேர். அரசு எண்தான் இது. மனித உரிமை அமைப்புகள் சொல்வது இதைவிடப் பல மடங்கு. 1994 மார்ச் 26இல் ஷிர்னாக் மாகாணத்தில் குஷ்கோனார், கோச்சாகிலி என்ற இரண்டு கிராமங்கள்மீது குண்டு விழுந்து 38 பேர் இறந்தார்கள். பி.கே.கே.தான் செய்தது என்றது அரசு. குண்டு போட்டது துருக்கி விமானப்படை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொன்னது. இடையில் 19 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ஷிர்னாக், ஹக்காரி பகுதிகளிலிருந்து எல்லை தாண்டி ஓடியவர்கள் இராக்கில் மக்மூர் என்ற இடத்தில் அகதி முகாமில் குடியேறி, இன்று அங்கே மூன்றாம் தலைமுறை வளர்கிறது.

1998 அக்டோபரில் துருக்கி சிரிய எல்லையில் படைகளைக் குவித்து மிரட்ட, பி.கே.கே.க்கு இடம் கொடுக்க மாட்டோம் என்று சிரியா அதானாவில் கையெழுத்திட்டது. அதுவரை அங்கே இருந்த ஒஜலான் வெளியேற்றப்பட்டார். மாஸ்கோ, ரோம், ஏதென்ஸ் என்று அலைந்து, 1999 பிப்ரவரி 15இல் நைரோபியில் பிடிபட்டார். அன்றுமுதல் இம்ராலி தீவுச் சிறை. போர் முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். பி.கே.கே. ஈரான் எல்லையை ஒட்டிய கந்தில் மலைக்குத் தலைமையிடத்தை மாற்றிக்கொண்டு, 2004இல் மறுபடி சுடத் தொடங்கியது. நடுவில் 2003இல் அமெரிக்கா இராக்கைப் பிடித்திருந்தது. அமெரிக்கா பி.கே.கே.யைப் பயங்கரவாதப் பட்டியலில் வைத்திருந்தாலும், அமெரிக்காவின் ஆளுகைக்குள்தான் கந்தில் இருந்தது. அங்காராவுக்கு ஆத்திரம் வந்ததில் நியாயம் உண்டு.

2007 அக்டோபர் 17இல் எல்லை தாண்ட அனுமதி கேட்டுத் துருக்கிப் பிரதமர் எர்துவானின் அரசு நாடாளுமன்றம் போனது. 507 வாக்கு ஆதரவு, 19 எதிர்ப்பு. நான்கு நாள் கழித்து அக்டோபர் 21இல் தாலிஜா என்ற எல்லைக் கிராமத்தில் பி.கே.கே. தாக்கி 12 வீரர்களைக் கொன்று, எட்டுப் பேரைப் பிடித்துக்கொண்டு போனது. தெருவெல்லாம் கொடி, ஊர்வலம். நவம்பர் 4இல் அந்த எட்டுப் பேரையும் உயிரோடு விட்டார்கள். குர்துக் கட்சியின் எம்.பி.க்கள் போய்க் கூட்டிவந்தார்கள். பெற்றவர்கள் கண்ணீரோடு காத்திருக்க, திரும்பிவந்த அந்த இளைஞர்களை ராணுவம் கைதுசெய்து வழக்குப் போட்டது. உயிரோடு வந்தது ஏன் என்பதுதான் குற்றச்சாட்டுகளின் சாரம். நீதி அமைச்சராக இருந்த மெஹ்மெத் அலி ஷாஹின், அவர்கள் விடுதலையானதில் தனக்கு மகிழ்ச்சி இல்லை என்ற பொருள்பட வெளிப்படையாகவே பேசினார். கட்டாய ராணுவ சேவைக்குப் போன இருபது வயதுப் பையன்கள் அவர்கள். இந்தப் போர் சொந்தப் படைவீரனை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

2008 பிப்ரவரி 21இல், வழக்கத்துக்கு மாறாக, முழங்கால் பனியில் துருக்கித் தரைப்படை இறங்கியது. கெரில்லாக்கள் குகையில் முடங்கியிருக்கும் பருவத்தில் அடிப்பது என்பது திட்டம். அதே நாளில் பாமெர்னி தளத்திலிருந்து டாங்கிகள் வெளியே வர முயல, பெஷ்மெர்காக்கள் சுற்றிவளைத்துத் திரும்பப் போகச் சொன்னார்கள். எட்டாம் நாள் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அங்காராவுக்கு வந்து சீக்கிரம் முடியுங்கள் என்றார். மறுநாள் படை திரும்பியது. அவர் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தளபதிகள் விளக்கம் கொடுத்தார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

இனி நான் நிதானமாகப் பேச விரும்பும் ஓர் இரவு. 2011 டிசம்பர் 28. ஷிர்னாக் மாகாணம், உலுதெரே வட்டம், ரோபோஸ்கி. துருக்கியப் பெயர் ஒர்தாசு. ஊரிலிருந்து எல்லை நடைதூரம். மேய்ச்சல் நிலம் ராணுவ மண்டலமாகிவிட்டது. வேறு தொழில் கிடையாது. ஊரில் சிலர் அரசிடம் சம்பளம் வாங்கும் ஊர்க்காவலர்கள். மற்றவர்கள் செய்வது எல்லை வியாபாரம். கோவேறு கழுதையோடு மாலையில் இராக் பக்கம் போய், டீசல் கேன், சர்க்கரை, சிகரெட் ஏற்றிக்கொண்டு இரவில் திரும்புவார்கள். அப்பன், தாத்தன் காலத்திலிருந்து நடப்பது. பக்கத்துச் சாவடியில் இருந்த ராணுவத்துக்கு எல்லாம் தெரியும் என்பது ஊரார் வாக்கு. சட்டத்தின் பார்வையில் கடத்தல். எல்லை வரும் முன்பு அதற்குச் சந்தைக்குப் போவது என்றுதான் பெயர் இருந்திருக்கும். அன்று போனவர்கள் நாற்பது பேருக்குள்தான், பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். படிப்புச் செலவுக்குப் போனவர்கள் அதில் உண்டு.

ஆளில்லா விமானம் அவர்களை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. கழுதைகளோடு வரிசையாக நகரும் வெள்ளைப் புள்ளிகள். பி.கே.கே.யின் மூத்த தளபதி ஒருவர் எல்லை கடக்கக்கூடும் என்ற உளவுத் தகவல் அப்போது சுற்றிக்கொண்டிருந்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. இரவு ஒன்பதரைக்கு மேல் எஃப்-16 விமானங்கள் குண்டு போட்டன. ஒரு தடவையோடு நிற்கவில்லை, முக்கால் மணிநேரம் விட்டு விட்டு. செத்தவர்கள் 34 பேர். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பதினெட்டு நிறையவில்லை. பெரும்பாலோர் எஞ்சூ என்ற ஒரே வம்சப் பெயர் கொண்டவர்கள். அண்ணன் தம்பி, சித்தப்பா பிள்ளை, மாமன் மகன். சத்தம் கேட்டு ஊரே மலையேறியது. ஆம்புலன்ஸ் வரவில்லை. கருகிய உடல்களைக் கம்பளியில் சுற்றி, தப்பிய கழுதைகளின் முதுகில் கட்டி, பெற்றவர்களே இறக்கினார்கள். துருக்கியின் பெரிய தொலைக்காட்சிகள் அதிகாரபூர்வ அறிக்கை வரும்வரை, அதாவது மறுநாள் நண்பகல்வரை, வாய் திறக்கவில்லை.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். 2014 ஜனவரியில் ராணுவ வழக்கறிஞர், தவிர்க்க முடியாத பிழை என்று சொல்லி, யார்மீதும் வழக்கில்லை என்று கோப்பை மூடினார். குடும்பங்கள் அரசியல் சாசன நீதிமன்றம் போயின. ஆவணங்களைச் சேர்ப்பதில் வழக்கறிஞர் இரண்டு நாள் தாமதம் என்று 2016இல் அங்கே தள்ளுபடி. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். உள்நாட்டு வழிகளை முறையாகப் பயன்படுத்தவில்லை என்று 2018 மே மாதம் அங்கேயும் தள்ளுபடி. குண்டு போட உத்தரவிட்டவர் யார் என்று எந்த நீதிமன்றத்திலும் விசாரணை நடக்கவே இல்லை. தம்பியை அந்த இரவில் பறிகொடுத்த ஃபெர்ஹத் எஞ்சூ 2015இல் எம்.பி.யானார், மறு ஆண்டு நவம்பரில் சிறைக்குப் போனார். 75 கிலோமீட்டர் மண்டலம், துரத்தும் உரிமை, அதானா ஒப்பந்தம் என்று இவ்வளவு நேரம் பேசினேனே, அத்தனையும் எல்லையைத் தாண்ட அரசுகள் தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட அனுமதி. டீசல் கேனோடு தாண்ட ரோபோஸ்கிக்கு அனுமதி கிடையாது.

ஈரான் எல்லையிலும் இதே கதைதான், இன்னும் அன்றாடமாக. முதுகில் டிவி, டயர், ஃபிரிட்ஜ் கட்டி மலையேறும் கோல்பர் என்ற சுமைகூலிகளை எல்லைக் காவலர்கள் ஆண்டுதோறும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். பி.கே.கே.யின் ஈரானியக் கிளையான பிஜாக் 2004 முதல் புரட்சிக் காவல் படையோடு மோதியது; 2011 கோடையில் பெரிய சண்டை, செப்டம்பரில் நிறுத்தம். 2022இல் சக்கெஸ் ஊர்ப் பெண் ஜினா மஹ்சா அமினி தெஹ்ரானில் காவலில் இறந்து ஈரான் கொதித்தபோது, ஆட்சி செப்டம்பர் 28இல் ஏவுகணைகளை அனுப்பிய இடம் இராக்கின் கோயா. அங்கிருந்த ஈரானியக் குர்துக் கட்சிகளின் முகாம்கள். உள்ளூர்க் கோபத்துக்கு வெளியூரில் விலாசம் கண்டுபிடிப்பது இந்தப் பிராந்தியத்தில் பழைய வழக்கம்.

துருக்கிக்கே திரும்புவோம். 2013 மார்ச் 21, நவ்ரோஸ் பண்டிகையன்று தியார்பக்கிர் மைதானத்தில் ஒஜலானின் கடிதத்தை வாசித்தார்கள். போர் நிறுத்தம் வந்தது. இரண்டு ஆண்டுகள் சவப்பெட்டிகள் வருவது ஏறத்தாழ நின்றது. 2015 ஜூலையில் சுருச் நகரில் குண்டுவெடிப்பு, இரண்டு போலீஸ்காரர்கள் கொலை, எல்லாம் குலைந்தது. அதன்பின் போரின் தன்மையே மாறியது. பைரக்தார் டிரோன்கள் வந்தன. மலை கெரில்லாவுக்குக் கொடுத்துவந்த மறைவை டிரோன் பெருமளவு பறித்துவிட்டது. துருக்கி வருவதும் போவதுமாக இல்லாமல், இராக் மண்ணில் டஜன் கணக்கில் தளங்கள் கட்டி உட்கார்ந்துவிட்டது. 2019 முதல் ‘நகம்’ என்ற பெயரில் வரிசையாக நடவடிக்கைகள்.

அதற்கு விலை கொடுத்தவை துஹோக் மாகாணத்துக் கிராமங்கள். ஆப்பிள், திராட்சைத் தோட்டங்கள், தேன்பெட்டிகள், ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள அசிரியக் கிறிஸ்தவ ஊர்கள் எல்லாம் காலியாயின. பி.கே.கே. வந்து தங்கினால் டிரோன் வரும். வராதே என்று பி.கே.கே.யிடம் சொல்ல ஊர்ப் பெரியவருக்குத் தைரியம் வேண்டும். 2019 ஜனவரி 26இல் ஷிலாத்ஸே ஊர்மக்கள் குண்டுவீச்சில் தம்மவர் இறந்த ஆத்திரத்தில் துருக்கித் தளத்துக்குள்ளேயே புகுந்து வண்டிகளைக் கொளுத்தினார்கள். 2021 பிப்ரவரியில் கரா மலைக் குகையில் பி.கே.கே. பிடித்துவைத்திருந்த 13 துருக்கியர்கள் பிணமாகக் கிடைத்தார்கள், சுட்டது பி.கே.கே. என்றது துருக்கி, கொன்றது குண்டுவீச்சு என்றது பி.கே.கே. 2022 ஜூலை 20இல் ஸாகோ அருகே பர்கா என்ற நீரோடைச் சுற்றுலா இடத்தில் பீரங்கிக் குண்டுகள் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். தெற்கே வெயிலுக்குத் தப்பி வந்த இராக் அரபுக் குடும்பங்கள் அவர்கள். இராக் துருக்கியைக் குற்றம்சாட்டி ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குப் போனது, துருக்கி மறுத்தது. எத்தனையோ குர்துக் கிராமங்கள் காலியானபோது வராத கோபம் பாக்தாத்துக்கு அன்று வந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ஹபூர் பாலத்தில் லாரி வரிசை ஒருநாளும் குறையவில்லை. சிமெண்ட், கோழி, தக்காளி, பிஸ்கட், கட்டுமானக் கம்பி எல்லாம் துருக்கியிலிருந்து இராக் குர்துப் பகுதியின் தலைநகரான எர்பிலுக்குப் போகின்றன. அங்கே நடக்கும் பர்ஸானி குடும்பத்தின் ஆட்சியோடு அங்காராவுக்கு நெருக்கமான உறவு. ஆக, குர்துகள் என்பதால் துருக்கி அடிக்கிறது என்பதும் சரியில்லை. குர்துகள் எல்லாம் ஒரே அணி என்பதும் சரியில்லை.

1984 முதல் செத்தவர்கள் 40,000 என்பது எல்லோரும் சொல்லும் எண். இத்தனை படையெடுப்புகளில் ஒவ்வொன்றின் முடிவிலும் பகைவர் முகாம்கள் துடைத்தெறியப்பட்டன என்று அறிக்கை வந்தது. துடைத்தெறிந்த இடத்துக்கே அடுத்த வசந்தத்தில் மறுபடி போனார்கள். டிரோன்கள் பி.கே.கே.யைப் பலவீனப்படுத்தியது உண்மை. பேச்சுக்கு அது ஒரு காரணம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் முடிவு என்று ஒன்று கண்ணில் பட்டதெல்லாம் இம்ராலி தீவில் யாராவது ஒஜலானோடு உட்கார்ந்து பேசியபோதுதான். 2024 அக்டோபரில் அந்தப் பேச்சைப் பகிரங்கமாகத் தொடங்கிவைத்தவர் தெவ்லெத் பாஹ்செலி. ஒஜலானைத் தூக்கிலிடச் சொல்லிப் பல ஆண்டு மேடையேறிய தீவிரத் துருக்கியத் தேசியவாதி. 2025 பிப்ரவரி 27இல் ஆயுதத்தைக் கீழே போடும்படி ஒஜலான் அழைத்தார். மே 12இல் பி.கே.கே. தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. ஜூலை 11இல் சுலைமானியா பக்கத்தில் ஒரு குகையின் முன்னால் ஆணும் பெண்ணுமாக 30 பேர் வரிசையாக வந்து, துப்பாக்கிகளை ஒரு பெரிய கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள்.

கொளுத்திய பிறகு அந்த 30 பேரும் போனது எங்கே? வீட்டுக்கல்ல, மலைக்கே திரும்பினார்கள். காரணம் 2009. அந்த அக்டோபர் 19இல் அரசின் அழைப்பை நம்பிக் கந்திலிலிருந்தும் மக்மூரிலிருந்தும் 34 பேர் ஹபூர் வழியாக நடந்து வந்தார்கள். நீதிபதிகளே எல்லைச் சாவடிக்கு வந்து விசாரித்து விடுவித்தார்கள். பல்லாயிரம் பேர் திரண்டு வரவேற்றார்கள். மேற்குத் துருக்கி கொந்தளிக்க, அரசு பின்வாங்கியது. வந்தவர்களில் பலர்மீது வழக்கு, சிலருக்குச் சிறை, சிலர் மறுபடி எல்லை தாண்டி ஓட்டம். நம்பி வந்தவனைக் காக்க அன்று சட்டம் இல்லை. நாடாளுமன்றக் குழு ஒன்று 2025 ஆகஸ்டில்தான் உட்கார்ந்தது, அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச. யார் திரும்பலாம், யார்மீது வழக்கு, துப்பாக்கி ஏந்திய பல்லாயிரம் ஊர்க்காவலர்கள் என்ன செய்வார்கள், காலிசெய்த கிராமங்கள் யாருக்கு என்பவைதான் கேள்விகள். இவற்றில் ஒன்றுக்கும் டிரோன் பதில் சொல்லாது.

2025 அக்டோபர் 26இல், துருக்கிக்குள் இருக்கும் தங்கள் ஆட்கள் அனைவரையும் இராக்குக்குத் திருப்பி அழைக்கிறோம் என்று பி.கே.கே. அறிவித்தது. அதற்கு ஐந்து நாள் முன்னால் துருக்கி நாடாளுமன்றம், இராக்கிலும் சிரியாவிலும் படை வைத்திருக்கும் அனுமதியை மேலும் மூன்று ஆண்டு நீட்டித்திருந்தது. கெரில்லா எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் துருக்கித் தளங்கள் யாரை எதிர்பார்த்து இருக்கும் என்பதை அங்காரா இன்னும் சொல்லவில்லை. துஹோக் விவசாயி தோட்டத்துக்குத் திரும்புவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய அந்த ஒரு பதில்தான் தேவை.